ஊர் சொல்லிக் கூப்பிட்டவள்

'உப்புக் காற்று' என்ற இசைக்குழுவைப் பற்றித் திருகோணமலையில் இப்போது விசாரித்தால், பாதிப்பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். மற்றப் பாதிப்பேர், "அதுமாதிரி ஒரு குறூப் இனி வராது" என்று அடித்துச் சொல்வார்கள். நியாயம் இரண்டாவது கூட்டத்தின் பக்கம்தான் இருக்கிறது. மார்கழியில் நத்தாருக்குத் தொடங்கி ஈஸ்டரோடு முடிந்துபோன குழு அது. கசெற் ஒன்றுகூடப் போடவில்லை. உலகத்தில் பேர்பெற்ற றொக் குழுக்கள் எத்தனையோ இரண்டொரு வருடத்தில் உடைந்திருக்கின்றன. யார் முன்னுக்கு நிற்பது என்ற போட்டி, குடி, தூள், பெண்டாட்டிமார் சண்டை என்று அவற்றுக்குக் காரணங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குச் சண்டை பிடித்துப் பிரிவதற்குக்கூட இந்த நாடு அவகாசம் கொடுக்கவில்லை.

அந்தக் குழுவில் பாடியவள் எல்சி. பாலையூற்றுப் பிள்ளை. தகப்பன் சீனன்குடாவில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து, அவளுக்குப் பதினாலு வயதானபோது மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவர். அவர் விட்டுப்போன சொத்து என்று சொன்னால் ஒரு மர அலுமாரியும் அதன்மேல் இருந்த வானொலிப் பெட்டியும்தான். அந்தப் பெட்டியில் பின்னேரங்களில் விரும்பிக் கேட்ட பாடல்கள் போகும். மற்றவர்கள் பாட்டுக்குக் காத்திருப்பார்கள். எல்சி பாட்டுக்கு முன்னால் வருகிற பெயர்களுக்குக் காத்திருப்பாள். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் என்று அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாகச் சொல்லும்போது, அந்த ஆள் எழும்பி வந்து குசினி வாசலில் நிற்பதுபோல அவளுக்கு இருக்கும். சாப்பாட்டு மேசையில் அகப்பையைப் பிடித்துக்கொண்டு, "பாலையூற்றைச் சேர்ந்த கிறிஸ்தோபர் விரும்பிக் கேட்ட சம்பல்" என்று தமையனுக்குப் பரிமாறுவாள். ஊர் இல்லாமல் வெறும் பெயரைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. சேட்டுப் போட்டுச் சாரம் கட்டாமல் வந்து நிற்கிற மாதிரி என்பாள். தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

அந்தப் பழக்கம் வேலைக்கும் உதவியது. பள்ளிக்கூடம் முடிந்தபின் நகரத்தில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. நோயாளிகளின் பெயரைப் பதிந்து, முறை வந்ததும் கூப்பிடவேண்டும். "நிலாவெளி சின்னராசா, உள்ள வாங்கோ" என்று அவள் கூப்பிட்டால் வாங்குப்பலகையில் காத்திருக்கிற நாலு சின்னராசாக்களில் மூன்றுபேர் அசையமாட்டார்கள். டொக்டருக்கு அதில் பெரிய திருப்தி.

ஆனால் சண்டை மும்முரமாக இருந்த காலத்தில் சிலர் மேசைக்குக் கிட்ட வந்து குனிந்து, "பிள்ளை, ஊரைக் கூப்பிடாதேங்கோ" என்பார்கள். கடல்குடாவுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள்; புலிகள் நடமாடுகிற பக்கம் என்று பேரெடுத்த ஊர்கள். மூதூர், கட்டைபறிச்சான், ஈச்சிலம்பற்று என்று வாயால் வந்தால் போதும், வாங்கில் இருக்கிறவன் யார், வாசலில் நிற்கிறவன் யார் என்று தெரியாத காலம். அவர்களை எல்சி 'ரவுண்', அதாவது நகரம், என்று பதிந்துவிடுவாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரைச் சொல்வதில் என்ன ஆபத்து இருக்கிறதென்று தெரியாத அப்பாவி அல்ல அவள். திருகோணமலையிலேயே அது நன்றாகத் தெரிந்தவர்களில் அவளும் ஒருத்தி.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு கடைசியில் சமாதானப் பேச்சு என்று கதை வந்தது. அதுவரை கள்ளத்தனமாகக் கிற்றார் தட்டிக்கொண்டிருந்த கிறிஸ்தோபர் வெளியே வந்தான். அவனுடைய சிநேகிதன் மைக்கல் டிறம் அடிப்பான். பள்ளிக்கூட பாண்டில் கழித்துவிட்ட பறைகளைக் கெஞ்சி வாங்கி, மீன்பெட்டித் தகரத்தில் சிஞ்சாத் தாளத்தட்டு வெட்டிச் செய்த டிறம் அது. பேஸ் கிற்றாருக்கு மூதூர் அன்ஸார் வந்தான். படகுத்துறை ஜெற்றியடியில் மாமாவின் மீன் வாடியில் நின்றவன். பகலெல்லாம் மீன் நிறுத்த கையால் பின்னேரத்தில் அவன் அந்தத் தடித்த கம்பிகளைத் தொட்டால் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ நகருகிற மாதிரி இருக்கும். எல்சியைப் பாடக் கூப்பிட்டது மைக்கல்தான்.

"உன்ர தங்கச்சி டிஸ்பென்சரியில கூப்பிடுற கூப்பாட்டுக்கு மைக்கும் தேவையில்லை மச்சான்" என்று அவன் கிறிஸ்தோபரிடம் சொன்னானாம்.

முதல் நாள் மைக்கல் வீட்டு முற்றத்தில் ஒத்திகை வைத்தார்கள். மைக்கல் இரண்டு தரம் ஓங்கி அடித்தான். பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். பிறகு அவர் வெளியே வந்து பேசிய பேச்சை இங்கே எழுத ஏலாது. அதற்குப்பிறகு அன்ஸார் மாமாவின் கால்பிடித்து, வாடிக்குப் பின்னால் இருந்த பழைய ஐஸ் அறையைக் கேட்டு வாங்கினான். சுவர் ஒரு முழத்துக்குத் தடிப்பு. உள்ளே என்ன இடி இடித்தாலும் வெளியே போகாது. மீன் கவிச்சியும் வியர்வையுமாக அந்த அறைக்குள் அவர்கள் நாலுபேரும் தங்கள் பாட்டுகளைக் கட்டினார்கள்.

தங்கள் பாட்டுகள் என்பதுதான் விசயம். கலியாண வீடுகளில் படப் பாட்டைத் திருப்பிப் படிக்கிற குழுக்கள் ஊருக்கு நாலு இருந்தன. இவர்கள் சொந்தமாகக் கட்டினார்கள். மைக்கல் ஒரு பின்னேரம் மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகைத் தவறவிட்டு ஜெற்றியில் நின்ற கதையை அன்ஸாரிடம் சொல்ல, அது பாட்டாகியது. "கடைசி லோஞ்ச் போட்டுது, கையசைக்க ஆளில்லை, அக்கரையில் விளக்கெரியுது, அது என்ர வீடில்லை" என்று எல்சி மெதுவாகத் தொடங்குவாள். மூன்றாவது தரம் அதே வரி வரும்போது மூன்று வாத்தியமும் ஒன்றாக விழும். கேட்டவர்கள் இன்றைக்கும் கையைத் தடவிக்கொண்டுதான் அதைச் சொல்கிறார்கள். மயிர் கூச்செறிந்ததாம். எனக்கு அதில் சந்தேகமில்லை.

தை மாதம் அரசாங்கமும் புலிகளும் சண்டை நிறுத்தம் என்று ஒப்பமிட்டார்கள். சனம் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டது. சோதனைச் சாவடிகளில் பையைத் திறக்காமலே போகச் சொன்னார்கள். டிஸ்பென்சரியில் நோயாளிகள் நிமிர்ந்து நின்று, "ஈச்சிலம்பற்று, பிள்ளை. வடிவா எழுதுங்கோ" என்றார்கள். எல்சிக்கு அது பெரிய சந்தோசம். சமாதானம் என்றால் என்னவென்று அவளைக் கேட்டிருந்தால், ஆக்கள் தங்கட ஊரைச் சத்தமாகச் சொல்லுறது என்றிருப்பாள்.

மேடையிலும் அதையே செய்தாள். கோயில் முற்றம், விளையாட்டுக் கழக விழா, கூட்டுறவுச் சங்கக் கடை ஆண்டு நிறைவு என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனார்கள். சனம் பாட்டுக் கேட்டுத் துண்டுத்தாள் எழுதி அனுப்பும். எல்சி வானொலிக்காரர் போல நிறுத்தி, ஊரையும் பேரையும் வாசிப்பாள். வாசித்ததும் அந்த ஆள் கூட்டத்துக்குள் எழும்பிக் கையைத் தூக்கவேண்டும். கை தெரிந்ததும் மைக்கல் டிறமை ஒரு உருட்டு உருட்டுவான். அதற்குப் பிறகுதான் பாட்டு. கை தூக்காவிட்டால் பாட்டில்லை. இந்த விளையாட்டுக்காகவே சிலர் துண்டு எழுதினார்கள். பத்து வருசமாகத் தலையைக் குனிந்துகொண்டு திரிந்த சனத்துக்கு, வெளிச்சத்தில் எழும்பி நின்று இதுதான் நான் என்று காட்டுவதில் எவ்வளவு ஆசை இருந்ததென்று அப்போதுதான் தெரிந்தது.

ஈஸ்டர் திங்கட்கிழமை பின்னேரம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் களியாட்ட விழா. நல்ல கூட்டம். ஐஸ்கிறீம் வண்டியடியில் பிள்ளைகள் மொய்த்தார்கள். எல்சி அன்றைக்கு மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். நாலைந்து பாட்டு முடிந்தபின் ஒரு துண்டு வந்தது. 'கடைசி லோஞ்ச், யோகலிங்கம்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஊர் இல்லை.

எல்சி துண்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் வெறுமைதான்.

"யோகலிங்கம் எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார்" என்றாள் மைக்கில். "பேர் இருக்குது, ஊரைக் காணேல்ல. யோகலிங்கம், உங்களுக்கு ஊரில்லையா? ஆகாயத்தில இருந்து விழுந்தனீங்களோ?"

கூட்டம் சிரித்தது. நடுவில் யாரோ ஒருவனை நாலைந்து பொடியன்கள் பிடித்துத் தள்ளினார்கள். அவன் தலையை ஆட்டினான். எல்சிக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

"ஊர் சொன்னாத்தான் பாட்டு" என்றாள்.

அவன் எழும்பினான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நீலச் சேட்டு. கையை முழங்கை வரை மடித்து விட்டிருந்தான். வெட்கச் சிரிப்போடு ஒரு கையைத் தூக்கி, "கட்டைபறிச்சான்!" என்று கத்தினான்.

"கட்டைபறிச்சானைச் சேர்ந்த யோகலிங்கம் விரும்பிக் கேட்ட பாடல்" என்று எல்சி அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள். மைக்கல் டிறமை உருட்டினான்.

அந்த உருட்டலுக்கிடையில் எல்சி ஒன்றைக் கண்டாள். ஐஸ்கிறீம் வண்டிக்குப் பின்னால் நின்ற இரண்டு பேர் மேடையைப் பார்க்கவில்லை. நீலச் சேட்டுக்காரனைப் பார்த்தார்கள். ஒருவன் மற்றவனின் காதுக்குள் ஏதோ கேட்டான். மற்றவன் தலையாட்டினான். அவள் மைக்கை வாயிலிருந்து விலக்கினாள். ஆனால் கிறிஸ்தோபர் தொடங்கிவிட்டான், கூட்டம் கைதட்டியது, அவளும் பாடினாள். அன்றைக்குப் பாடியதுதான் எல்லா நாளையும்விடத் திறம் என்று அன்ஸார் சொன்னான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு நாள் போகவில்லை. விடியற்புறம் துறைமுகத்துக்குள் வெடித்த வெடியில் பாலையூற்று வீட்டு ஓடுகள் அதிர்ந்தன. சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. ஊரடங்கு, சுற்றிவளைப்பு, ஆள் பிடிப்பு எல்லாம் லீவு முடிந்து வேலைக்கு வந்தவர்களைப்போலத் திரும்பி வந்தன.

அந்தக் கிழமை முடியமுதல் மைக்கல் டிஸ்பென்சரிக்கு வந்தான். வாங்கில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு அவளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்டைக்குப் பாட்டுக் கேட்டவன், யோகலிங்கம். மேசன் வேலைக்கு வந்து மனையாவெளியில ஒரு வீட்டில இருந்தவனாம். சிவில் உடுப்பில வந்து ஏத்திக்கொண்டு போயிட்டாங்களாம்."

"ஆர்?"

"ஆருக்குத் தெரியும்? வீட்டுக்காரர் அழுகிறார். தன்னட்ட ஊர் உப்புவெளி எண்டுதானாம் சொல்லியிருந்தவன். வந்தவங்கள் 'கட்டைபறிச்சான் யோகலிங்கம் எங்க' எண்டு கேட்டுத்தான் வந்தவங்களாம்."

எல்சி மருந்துப் போத்தல் அடுக்கியிருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நகரத்தில் அவனை அந்தப் பேரும் ஊருமாகச் சேர்த்துச் சொன்ன வாய் ஒன்றுதான்.

இரண்டு மூன்று கிழமை கழித்து ஒரு நாள் மத்தியானம் வீட்டுப் படலையடியில் ஒரு அம்மா வந்து நின்றார். வெயிலில் நடந்து வந்து முகம் கறுத்திருந்தது. கையில் கடைப்பை ஒன்று. அதற்குள் இருந்து சட்டம் போட்ட படமொன்றை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை, கார்னிவலில பாட்டுப் படிச்ச பிள்ளையின்ர வீடு இதுவோ? நான் கனகம்மா. கட்டைபறிச்சானில இருந்து வந்தனான்."

எல்சி படலையைத் திறக்கவில்லை.

"என்ர மகன்ர பேரை அந்தப் பிள்ளை மைக்கில சொன்னதாம். அண்டைக்கு அவனை வடிவாக் கண்டது அந்தப் பிள்ளையாத்தான் இருக்கும். ஒருக்காக் கண்டு, அவன் எப்பிடி இருந்தவன் எண்டு கேக்கவேணும். மெலிஞ்சிருந்தவனோ, என்ன உடுப்புப் போட்டிருந்தவன் எண்டு. வேற ஒண்டுக்கும் இல்லைப் பிள்ளை."

படத்தில் அவன் சிரிக்கவில்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். நீலச் சேட்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? இரண்டே இரண்டு சொல். எல்சியின் தொண்டைவரை வந்தது. பிறகு, இந்த அம்மா இதைப் போய் எங்கெங்கே சொல்லுவார், நாளைக்குக் கிறிஸ்தோபரையும் ஏற்றிக்கொண்டு போனால் என்ற பயம் வந்தது. அந்தப் பயத்துக்குப் பின்னால் இன்னொன்றும் நின்றது. ஊர் கேட்டுச் சிரித்ததும் நீதானா என்று இந்த முகம் கேட்டுவிடுமோ என்ற பயம்.

"எனக்குத் தெரியாதம்மா" என்றாள். "இது அந்த வீடில்லை."

"அப்பிடியோ. குறை நினையாத பிள்ளை" என்றார் கனகம்மா. படத்தைப் பைக்குள் வைத்து, பையை ஒருக்காத் தடவிவிட்டு, அடுத்த வீட்டுப் பக்கம் நடந்தார்.

'உப்புக் காற்று' அந்த மத்தியானத்தோடு முடிந்தது. கிறிஸ்தோபர் அவளோடு எவ்வளவோ கதைத்துப் பார்த்தான். "உன்னாலதான் எண்டு ஆர் சொன்னது? ஆயிரம் வழியில கேள்விப்பட்டிருப்பாங்கள்" என்றான். அதுவும் நடந்திருக்கக்கூடியதுதான். அவன் வேறு யாரிடமாவது ஊரைச் சொல்லியிருக்கலாம், லோஞ்சில் வரும்போது யாராவது கண்டிருக்கலாம். ஆனால் ஐஸ்கிறீம் வண்டிக்குப் பின்னால் தலையாட்டியவனைக் கிறிஸ்தோபர் காணவில்லை, எல்சி கண்டவள். ஐஸ் அறைக்கு இரண்டு தரம் போனாள். மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. மூன்றாம் தரம் போகவில்லை. அன்ஸார் கட்டாருக்குப் போனான். மைக்கல் கப்பலில் ஏறி எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் நோர்வேயில் கரை தட்டினான். ஐஸ் அறையை மாமா திரும்பவும் ஐஸுக்கே எடுத்துக்கொண்டார்.

டிஸ்பென்சரியில் எல்சி ஒரு மாற்றம் கொண்டுவந்தாள். மருந்துப் பெட்டி மட்டையை வெட்டி இலக்கம் எழுதி, வருகிறவர்களின் கையில் ஒவ்வொன்றைக் கொடுத்தாள். பேர் கூப்பிடுவதில்லை. இலக்கத்தையும் சத்தமாகச் சொல்வதில்லை. எழும்பிப் போய்த் தோளைத் தொட்டு, "உங்கட முறை" என்பாள். டொக்டர், எல்சி நல்ல ஒழுங்கு கொண்டுவந்திருக்கிறாள் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். பெருமைப்படட்டும், அவருக்கென்ன தெரியும்?

கலியாணப் பேச்சு இரண்டு வந்து தட்டிப்போனது. ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார், "பெண் கதைக்கவே மாட்டாளோ" என்று கேட்டார்களாம். பூசையில் பாடற்குழுவுக்குப் பக்கத்தில் இருந்தவள் தூணுக்குப் பின்னால் போய் இருந்தாள். வருசா வருசம் ஈஸ்டருக்கு முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுவாள். பங்குச் சுவாமி ஒருவரிடம் சொல்லித் தீருகிற காரியமாக அது அவளுக்குத் தோன்றவில்லை. சொல்லவேண்டிய ஆள் குடாவுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தார். ஜெற்றிக்கு இரண்டு மூன்று தரம் போய், லோஞ்ச் வெளிக்கிடும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

இரண்டாயிரத்து இரண்டில் திரும்பவும் ஒரு சண்டை நிறுத்தம் வந்தது. சனம் இந்தமுறை அவ்வளவு துள்ளவில்லை. பாதைகள் திறக்க, காணாமல்போனவர்களின் தாய்மார் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலமை தேவாலயப் பங்கு மண்டபத்தில் அவர்களைக் கூட்டி, பிள்ளைகளின் பெயர்களை ஒலிபெருக்கியில் சொல்லி மெழுகுதிரி கொளுத்துவதென்று கன்னியர்மடத்துச் சிஸ்டர் புஸ்பராணி ஒழுங்கு செய்தார். கிறிஸ்தோபர் அப்போது ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற தொழில் செய்தான். 'உப்புக் காற்று' பாவித்த அதே அம்ப்ளிபயர்தான், இரண்டு தரம் உட்சாமான் மாற்றியது. அவனுக்குக் காலமைச் சாப்பாடு கொண்டுபோனவள் எல்சி. கொடுத்துவிட்டு உடனே திரும்புகிற எண்ணம்தான்.

உள்ளே நிலைமை சரியாக இருக்கவில்லை. ஒவ்வொரு தாயாக மைக்கடிக்கு வந்து பிள்ளையின் பேரைத் தாங்களே சொல்வதென்று ஏற்பாடு. பேரின் முதல் எழுத்து வரும்போதே அழுகை வந்துவிடும். ஸ்பீக்கரில் அழுகை மட்டும்தான் கேட்டது. சிஸ்டர் தானே சொல்லிப் பார்த்தார், அவருக்குத் தடிமன், குரல் அடைத்திருந்தது. கிறிஸ்தோபர் தங்கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு மைக்கின் வயரை நேராக்கினான்.

"எல்சி, நீர் டிஸ்பென்சரியில பேர் கூப்பிட்ட ஆள்தானே" என்றார் சிஸ்டர். "அவையள் வந்து காதுக்குள்ள சொல்லட்டும். நீர் அதை விளங்கச் சொல்லும், போதும்."

"என்னால ஏலாது சிஸ்டர்."

"இந்த அம்மாக்களாலயும் ஏலாமத்தான் இருக்குது."

எல்சி மைக்கடிக்குப் போய் நின்றாள். முதல் அம்மா வந்து காதில் சொன்னார். எல்சி மைக்கில் சொன்னாள். ஏழு வருசமாகச் சத்தம் போடாத குரல் கரகரத்தது. மூன்றாவது பெயரில் தெளிந்தது. ஊரும் பேரும், ஊரும் பேரும். ஒவ்வொரு பேருக்கும் ஒரு மெழுகுதிரி ஏறியது.

அப்படி வந்துகொண்டிருந்தவர்களுக்குள் கனகம்மாவும் வந்தார். தலை முழுக்க நரைத்து உடம்பு பாதியாகியிருந்தது. எல்சி முகத்தைப் பார்க்கமுதல் சட்டம் போட்ட படத்தைப் பார்த்தாள். மைக்கின் வாயைப் பொத்தினாள்.

"யோகலிங்கம்" என்று கனகம்மா காதுக்குள் சொன்னார். ஊரைச் சொல்ல மூச்செடுத்தார்.

"கட்டைபறிச்சான்" என்றாள் எல்சி.

கனகம்மா நிமிர்ந்தார். "உனக்கெப்பிடிப் பிள்ளை தெரியும்?"

இப்போதும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். படத்துக்குக் கீழே எழுதியிருந்தது என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா நம்பியிருப்பார்.

"அண்டைக்கு மைக்கில சொன்னது நான்தான் அம்மா" என்றாள் எல்சி. "அவர் ஊர் எழுதேல்ல. நான்தான் விடாமக் கேட்டுச் சிரிச்சனான். பிறகு நீங்க எங்கட படலையடிக்கு வந்தனீங்க. தெரியாது எண்டு சொன்னதும் நான்தான்."

கனகம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஏன் சுணங்குகிறதென்று எட்டிப் பார்த்தார்கள். கிறிஸ்தோபர் அம்ப்ளிபயரின் குமிழைத் தணித்தான். அந்த அம்மா கையை ஓங்கினாலும் வாங்கிக்கொண்டு நிற்பதென்று எல்சி நின்றாள்.

"எப்பிடி இருந்தவன்?" என்றார் கனகம்மா.

ஏழு வருசத்துக்கு முன்னால் படலையடியில் கேட்ட அதே கேள்வி.

"நீலச் சேட்டு அம்மா. கையை மடிச்சு விட்டிருந்தவர். தலை வடிவா வாரி இழுத்திருந்தவர்."

"மெலிஞ்சிருந்தவனோ?"

"இல்லையம்மா."

"எனக்குப் பொய் சொல்லாத."

"கொஞ்சம் மெலிவுதான்."

"ம். மேசன் வேலை" என்றார் கனகம்மா. கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு ஓடியது. "நீ பேரைச் சொல்ல அவன் என்ன செய்தவன்?"

"சிரிச்சுக்கொண்டு எழும்பிக் கையைத் தூக்கினவர். அப்பிடித்தான் நாங்க செய்யச் சொல்லுறனாங்க. பேர் வந்தாக் கையைத் தூக்கவேணும்."

கனகம்மா படத்தின் கண்ணாடியை விரலால் தடவினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. எல்சி கேட்கவும் இல்லை, கேட்கிற முகம் அவளுக்கு இருக்கவில்லை.

"அண்டைக்கு எப்பிடிச் சொன்னனியோ அப்பிடியே சொல்லு" என்றார். "ஊரை விட்டிராத. அண்டைக்குக் கேட்டவங்களுக்கு இண்டைக்கும் கேக்கட்டும்."

எல்சி மைக்கிலிருந்து கையை எடுத்தாள். கிறிஸ்தோபர் குமிழை மேலே திருப்பினான். மண்டபத்துக்கு வெளியே வேம்பில் கட்டியிருந்த ஸ்பீக்கர் தெருவைப் பார்த்து இருந்தது. தெருமுனையில் இராணுவக் காவலரண்.

"கட்டைபறிச்சானைச் சேர்ந்த யோகலிங்கம்."

நிறுத்தி, அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, பழக்கத்தில் அவள் கண் கூட்டத்துக்குள் கையைத் தேடியது.

மேசைக்கு இந்தப் பக்கத்தில் கனகம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். படத்தை இடது கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வலது கையை உயரத் தூக்கினார். அவர் கையை இறக்கும்வரை எல்சி அடுத்த பெயரைச் சொல்லவில்லை.